"இன்னா வியாதி?" என்று கேட்ட சித்தப்பாக்களுக்கு

நோயாளிக்கு என்ன நோய் என்று அவன் சித்தப்பாவிடம் சொல்ல மறுத்த நர்ஸின் வீடியோவை இனி யாரும் நர்ஸான எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். "உங்க ஆளுங்க லட்சணத்தைப் பாருங்க சிஸ்டர்" என்று சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பியவர்களுக்கும் நன்றி. வேலூர் குரூப் எல்லாவற்றிலும் சுற்றுகிறது, அதனால் முழுக்கதையை மறுபடி சொல்லப்போவதில்லை.

அந்த நர்ஸ் செய்த குற்றம் என்ன? "எங்க பையனுக்கு இன்னா வியாதி, கேஸ் ஷீட்டைக் காட்டும்மா" என்று சித்தப்பா கேட்கிறார். "அவர்கிட்டயே கேளுங்க சார். அவர் சரின்னு சொன்னா டாக்டரே உங்ககிட்ட பேசுவாரு" என்கிறார் அந்தப் பெண். இவ்வளவுதான். இதற்குத்தான் திமிர் பிடித்தவள், மனிதாபிமானம் இல்லாதவள் பட்டமெல்லாம்.

பையன் மயக்கத்திலா கிடந்தான்? வீடியோவிலேயே கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்கிறான். மீசை முளைத்த ஆள். சித்தப்பா குரல் ஏற ஏற அவன் தலை தட்டுக்குள்ளேயே போகிறது. ஆயிரம் கமெண்ட் போட்டவர்களில் ஒருவராவது அதைக் கவனித்தீர்களா? தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் இரண்டடி தள்ளி இருக்கிறவனைக் கேட்டிருக்கலாமே. அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்துதானே நர்ஸிடம் வந்தார்?

நோய் அவனுடையது. யாரிடம் சொல்வது என்பதும் அவன் இஷ்டம். சித்தப்பாவுக்கு வருத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

"இது அமெரிக்கா இல்ல மேடம், இங்க குடும்பம்தான் பார்க்குது, குடும்பம்தான் பில் கட்டுது" என்று ஒருவர். வாங்க சார். பில் கட்டினால் ரசீது கிடைக்கும். அதற்குமேல் என்ன வேண்டும்?

"கூட இருந்து துடைத்து விடுகிறவர்களுக்குத் தொற்றினால்?" என்று கேட்டவரை அப்படித் தள்ள முடியாது, நியாயமான கேள்வி. ஆனால் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்த பிறகுதான் கையுறை போடுவோம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாருடைய ரத்தமாக இருந்தாலும், சளியாக இருந்தாலும் ஒரே ஜாக்கிரதை. அதைக் கூட இருப்பவர்களுக்கும் சொல்லித்தருவோம். கை கழுவச் சொல்வோம், மாஸ்க் கொடுப்போம். காச நோய் மாதிரி விஷயம் என்றால் வீட்டில் இருப்பவர்களைப் பரிசோதிக்க தனி ஏற்பாடே இருக்கிறது. அதற்கும் வார்டு நடுவில் செல்போனைத் தூக்கிப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம் சட்டம் பேசுகிறவர்கள். 1998-ல் உச்ச நீதிமன்றமே நோயை வெளியே சொன்னது தப்பில்லை என்று தீர்ப்பு சொன்னதே என்கிறார்கள். சொன்னது. கல்யாணம் நிச்சயமான ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்த வழக்கு அது, மணக்கப்போகும் பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்டது. இங்கே சித்தப்பாவுக்கு என்ன ஆபத்து? அதன்பிறகு 2017-ல் எச்.ஐ.வி.க்கென்றே சட்டம் வந்தது, அதையும் படியுங்கள். நோயாளியின் வாழ்க்கைத் துணைக்குச் சொல்வதானால்கூட டாக்டரோ கவுன்சிலரோதான் சொல்லலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. நர்ஸுக்கு அந்த அதிகாரமே கிடையாது. இந்தப் பையனுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. "அப்படின்னா அதுதானா?" என்று இன்பாக்ஸில் கேட்ட இரண்டு பேரை பிளாக் செய்துவிட்டேன்.

எங்கள் அத்தைக்குத் தொழுநோய் இருந்தது. அத்தை இப்போது இல்லை. அவர் மகனிடம் கேட்டு, எழுது என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். குடியாத்தம் பக்கம் கிராமம், எண்பதுகளின் கடைசி. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள் என்று தெரிந்தாலே போதும், வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. மாத்திரையால் முகம் சிவந்து கறுத்தது. கேட்டவர்களிடம் வெயில் என்று சொல்லிச் சமாளித்தார். ஒருநாள் சந்தையில் கரிகிரி சிஸ்டர் எதிரே வந்திருக்கிறார். அத்தையை நன்றாகவே பார்த்தார், பிறகு திரும்பிக்கொண்டு கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். அத்தைக்கு அழுகை வந்துவிட்டதாம், இவரும் நம்மை ஒதுக்குகிறாரே என்று. அடுத்த தடவை மருந்துக்குப் போனபோது அந்த சிஸ்டரே சொன்னாராம்: "வெளியில நீயா வந்து பேசுனா பேசுவேம்மா. இல்லன்னா உன்னை எனக்குத் தெரியாது. 'இந்த சிஸ்டரை உனக்கு எப்படித் தெரியும்'னு உன்னை யாரும் கேக்கக் கூடாதில்ல?"

அத்தை மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருந்த காலம் அது, 2019-ல்தான் எடுத்தார்கள். அந்த சிஸ்டர் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கு அவரையும் வீடியோ எடுத்து "நோயாளியைக் கண்டுகொள்ளாத நர்ஸ்" என்று போட்டிருப்பீர்கள்.

"சொன்னது சரி, சொன்ன விதம்தான் தப்பு" என்கிறவர்களே, வீடியோ எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தப் பெண் குரலை உயர்த்தும் இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் எத்தனை முறை "சார்" போட்டாரோ!

1909-லேயே நர்ஸிங் பள்ளி வந்த ஊர் இந்த வேலூர். 1946-லேயே பட்டப்படிப்பு வந்தது. வீட்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கும் தெரு எத்தனையோ உண்டு. இந்த ஊர்க்காரர்களே "ஊசி போடறவளுக்கு என்ன இவ்வளவு ரூல்ஸ்" என்று எழுதுவதுதான் வலிக்கிறது. மருந்து தப்பாகப் போனால் நாங்கள் பொறுப்பு, கட்டிலிலிருந்து விழுந்தால் நாங்கள் பொறுப்பு. நோயாளியின் மானத்துக்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லையா?

நிர்வாகங்களையும் கேட்கிறேன். பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்று நர்ஸிங் கவுன்சில் கணக்கு சொல்கிறது. நைட் டியூட்டியில் வந்து எண்ணிப் பாருங்கள். ரவுண்ட்ஸில் நோயின் பெயர் பக்கத்துக் கட்டில் வரைக்கும் கேட்கிறது. கேஸ் ஷீட் கட்டில் காலில் தொங்குகிறது, போகிற வருகிற யாரும் புரட்டலாம். ரகசியத்தைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் நர்ஸ் தலையில். கட்டிலைச் சுற்றி இழுத்து மூட ஸ்க்ரீன் வேண்டும் என்று நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எழுதிக் கொடுத்தோம். பட்ஜெட் இல்லை என்றார்கள். மே 12 நர்ஸ் தினத்துக்கு மூன்றடுக்கு கேக் வந்தது, மேலே விளக்கோடு நைட்டிங்கேல் அம்மா பொம்மை.