சூதாட்ட மேசையிலிருந்து எழ வேண்டிய நேரத்தை நட்டம் சொல்லாது
கொண்டுவந்த பணத்தில் பாதி போனதும் எழுந்துவிட வேண்டும் என்று இந்தக் கட்டுரை சொல்லும் விதி, பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் வெளிவந்த சீட்டுகளை எண்ணி, மீதியில் என்ன மிகுந்திருக்கும் என்று கணித்து ஆடுபவருக்குப் பொருந்தாது. மீதியில் பத்துகளும் ஏஸ்களும் மிகுந்திருக்கும்போது, தோற்கிறோம் என்பதற்காக எழுவது கிடைத்த சொற்பச் சாதகத்தையும் வீசியெறிவதுதான். எண்ணிக்கை எதிர்மறையில் ஆழ்ந்துவிட்டால், அதாவது மீதியில் சிறிய சீட்டுகளே மிகுந்திருந்தால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பலாம். என்னைக் கேட்டால் களைப்புதான் முதல் காரணம்: எண்ணிக்கையை மீதமுள்ள சீட்டுக்கட்டுகளின் தொகையால் வகுப்பதில் தடுமாறத் தொடங்கினால், ஒரு சதவீதத்தை ஒட்டிய அந்தச் சாதகம் சூதாட்ட விடுதியிடமே போய்விடும். எண்ணி ஆடுபவரை விடுதியிலிருந்து வெளியேற்றுவார்களா என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வெளியேற்றலாம், நியூ ஜெர்சியில் 1982ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எண்ணுகிறார் என்பதற்காக விலக்க முடியாது, ஆனால் சீட்டுகளை அடிக்கடி கலைத்தே ஆளைச் சலிப்படைய வைத்துவிடுவார்கள்.