குடை பிடித்த கைக்கு எந்தக் கேமரா?

அக்கா பையன் கோவையில் இன்ஜினியரிங் கடைசி வருடம். ட்யூஷன் எடுத்து, கிடைத்த பரிசுப் பணத்தையும் சேர்த்து 70,000 ரூபாய் வைத்திருக்கிறான். நேற்று ராத்திரி பத்து மணிக்குப் போன். "மாமா, மிரர்லெஸ்ஸா காம்பாக்டா, ஒரே வார்த்தையில சொல்லுங்க." மிரர்லெஸ் என்றால் லென்ஸைக் கழற்றி மாற்றுகிற கேமரா, காம்பாக்ட் என்றால் லென்ஸ் உடம்போடு ஒட்டின சின்னக் கேமரா. ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில், "சரி மாமா, நான் யூடியூப்ல பார்த்துக்கறேன்" என்று வைத்துவிட்டான். அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் போகும்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் குடியிருக்கிறவனுக்குக் காம்பாக்ட். இரண்டு நாள் ரூம் போட்டு மலையைப் பார்க்க வருகிறவர் எதை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு வரட்டும், அது அவர் தோள்பட்டை.

எடைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எடை பெரிய விஷயமே இல்லை. சின்ன வயதில் தேயிலைக் கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து மேட்டில் ஏறின உடம்பு, ஒரு கிலோ கேமராவுக்கா அசரும்? என் பிரச்சினை குடை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டி பக்கம் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் எங்களுக்குச் சாரல். அப்புறம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு வந்தால் எங்கள் முறை. இரண்டுக்கும் நடுவில் மழையே இல்லாத நாளில்கூட மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் இறங்கி முடியெல்லாம் நனைந்துவிடும். ஆக, வருடத்தில் பாதி நாள் என் இடது கை குடைக்குச் சொந்தம். மிச்சம் இருப்பது ஒரு கை. மிரர்லெஸ் என்பது இரண்டு கை கேட்கும் சாமான். ஒரு கை பாடியைப் பிடிக்க, ஒரு கை லென்ஸைத் தாங்க. லென்ஸ் மாற்ற வேண்டுமென்றால் மூன்றாவது கையும் வேண்டும்.

இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. 2018-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் வாங்கினேன், கேமராவோடு கூடவே வருகிற கிட் லென்ஸ், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஒரு டெலி ஜூம், பை எல்லாம் சேர்த்து 38,000. என்ன பிராண்டு என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொன்னால் சண்டை வரும். வாங்கின மாதமே கோடநாடு போகிற ரோட்டில் ஒரு திருப்பத்தில், தேயிலைக்கு நடுவே நாலு காட்டெருமை. வண்டியை ஓரம் கட்டினேன். நல்ல தூரத்தில்தான் நின்றேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது. கிட் லென்ஸில் பார்த்தால் நாலும் நாலு கறுப்புப் புள்ளி. சரி, டெலியை மாட்டுவோம் என்று குடையைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு லென்ஸைக் கழற்றி ஜெர்கின் பாக்கெட்டில் போட்டு, இன்னொன்றை எடுக்கப் பைக்குள் கைவிட்டால், டெலியின் மூடி கையிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து, சக்கரம் மாதிரி உருண்டு, வடிகாலைத் தாண்டித் தேயிலைச் செடிக்குள் போய்விட்டது. குனிந்தேன், குடை கவிழ்ந்தது. அந்தப் பத்து விநாடி, படத்தைப் பதிகிற சென்சார் திறந்து கிடந்தது, மேகம் தாராளமாக உள்ளே போயிற்று. நிமிர்ந்து பார்த்தால் காட்டெருமை ஒன்றுகூட இல்லை. ஒரு டன் வரைக்கும் எடை போகிற ஜீவன் எப்படிச் சத்தமில்லாமல் போகிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூடி கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் எடை போடும் இடத்துக்குக் கொண்டு வந்து, "தம்பி, ஏதோ டப்பா மூடி, உங்களுதான்னு சொன்னாங்க" என்று கொடுத்தார். சென்சாரில் விழுந்த நீர்த்திவலை காய்ந்து கறையானது மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு நான் எடுத்த வானம் எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் ஒரு சாம்பல் பொட்டு.

அடுத்தது பூஞ்சை. இதைச் சமவெளிக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். காற்றில் ஈரம் 60, 65 சதவீதத்துக்கு மேலே தொடர்ந்து இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், எங்கள் ஊரில் மழைக்காலத்தில் அந்த அளவுக்குக் கீழே இறங்கினால்தான் அதிசயம். இருட்டு, ஈரம், காற்றோட்டமில்லாத இடம், இது மூன்றும் அதற்குப் பிடிக்கும். நான் என்ன செய்தேன்? பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் உறையில் போட்டு, பீரோவில் கம்பளித் துணிக்கு நடுவில் வைத்தேன். ஆறு மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக. கோவையில் ஒரு கடையில் 2,800 வாங்கிக்கொண்டு துடைத்துக் கொடுத்தார்கள், ஆனால் கோட்டிங்கை அது ஏற்கெனவே தின்றிருந்தது. இப்போது காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர், 45-லிருந்து 50-க்குள் வைத்துக்கொள்கிறேன். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சட்டியில் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். ஒரு நாள் தோசைக்கல்லில் வறுத்துவிட்டேன். அதில் ரசாயனம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரம்மா அந்தக் கல்லை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள், புதுக் கல் என் செலவில்.

காம்பாக்டுக்குப் பூஞ்சை பிடிக்காதா என்றால், பிடிக்கும். ஆனால் அது டப்பாவிலேயே கிடப்பதில்லை, தினமும் பாக்கெட்டில் வெளியே வருகிறது. பயன்படுத்துகிற சாமானுக்குப் பூஞ்சை குறைவு, அவ்வளவுதான்.

இப்போது சென்சார் விஷயம், இதில்தான் பையன் குழம்பிப் போயிருக்கிறான். மிரர்லெஸ் என்றால் பெரிய சென்சார், காம்பாக்ட் என்றால் பொம்மை என்று ஒரு கணக்கு எல்லோர் தலையிலும் ஏறியிருக்கிறது. 2008-ல் பானசோனிக் ஜி1 வந்து மிரர்லெஸ் என்ற வகையே தொடங்கினபோது அது ஓரளவு சரி. இன்றைக்கு ரிக்கோ ஜிஆர் 3 என்கிற காம்பாக்டுக்குள் இருப்பது ஏபிஎஸ்-சி என்கிற பெரிய அளவு சென்சார், 24 மெகாபிக்சல். சோனி ஏ6400 மிரர்லெஸ்ஸிலும் அதே அளவு சென்சார், அதே 24. ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், ஏ6400 லென்ஸ் இல்லாமலேயே 403 கிராம். சென்சார் அளவை வைத்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றுக்குக் கீழே இல்லை. வித்தியாசம், ஜிஆரில் லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது, 28 மில்லிமீட்டர் என்கிற அகலப் பார்வையோடு வாழ வேண்டும். ஃபூஜியின் எக்ஸ்100விஐ காம்பாக்டை வாங்கினால் கொஞ்சம் குறுகின 35 மில்லிமீட்டர் பார்வை, ஆனால் 521 கிராம். அதைப் பாக்கெட் கேமரா என்று சொல்கிறவரின் பாக்கெட்டை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஜூம் வேண்டுமென்றால் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 மாதிரி ஒன்று. 302 கிராமில் 24 மில்லிமீட்டரிலிருந்து 200 வரை ஜூம். அதில் இருப்பது 'ஒரு இன்ச்' சென்சார், பெயரில்தான் இன்ச், அளந்தால் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், அந்தக் காலத்து டிவி கேமராக் குழாயின் கணக்கில் வைத்த பெயர். ஏபிஎஸ்-சி பரப்பு அதைப் போல மூன்று மடங்கு. வெயிலில் வித்தியாசம் தெரியாது. சோலைக்குள் போய்ப் பாருங்கள், லாங்வுட் சோலையில் பகல் பதினொரு மணிக்கும் சாயங்காலம் மாதிரி இருக்கும், அங்கே 200-க்கு இழுத்தால் லென்ஸின் துளை சுருங்கி, அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வு ஏறி, படம் ரவை கொட்டின மாதிரி வரும்.

விலை பற்றி ஒன்று. காம்பாக்ட் என்றால் மலிவு என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தான். 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடி, 2023-ல் 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மொபைல் போன் சாப்பிட்டது முக்கியமாக மலிவான காம்பாக்டைத்தான். மிச்சம் நிற்பதில் நல்லது எல்லாமே விலை கூடினது. அவனுடைய 70,000-க்குப் புதிதாக ஒரு மிரர்லெஸ்ஸும் கிட் லென்ஸும் கிடைத்துவிடும், நான் சொல்கிற காம்பாக்ட் என்றால் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். தேடும்போது டார்ச் எடுத்துக்கொண்டு போகட்டும். மலையில் இருக்கிறவர் விற்கிறார் என்றால் இரண்டு டார்ச்.

சரி, காம்பாக்ட் என்ன கொடுத்தது? போன வருடம் நவம்பர், சாயங்காலம் ஐந்து மணி, கொழுந்து எடை போடும் இடம். தகரக் கூரையில் மழை. இடது கையில் குடை, வலது கையை ஜெர்கின் பாக்கெட்டில் விட்டால் கேமரா. இடுப்பில் சாக்கு கட்டின அம்மா ஒருவர் தராசையே பார்த்துக்கொண்டிருக்கிறார், 31 கிலோ காட்டுகிறது, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்களோ என்கிற யோசனை முகத்தில். கையில் சீட்டு, விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, நகக்கண் மட்டும் வெளுத்திருக்கிறது. எடுக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டேன், தலையசைத்துவிட்டுத் திரும்பத் தராசைப் பார்த்தார். ஒரே ஒரு படம். இதே இடத்தில் முன்பு டெலி லென்ஸோடு போய் நின்றபோது என்ன நடந்தது தெரியுமா? ஆறு பேரும் வேலையை நிறுத்தி, தலைத்துண்டைச் சரி செய்து, வரிசையாக நின்று, "பேப்பர்ல வருமா?" என்றார்கள். அந்தப் படமும் இருக்கிறது, பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரி.

அப்படியே ஒரு சின்ன விஷயம், எந்தக் கேமராவாக இருந்தாலும். மேகம் இறங்கின நேரத்தில் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துப் பயந்து படத்தை இருட்டாக்கும், மூடுபனி அழுக்குத் தண்ணீர் மாதிரி வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) ஏற்றுங்கள். ஃபிளாஷை மட்டும் போடாதீர்கள், ஒவ்வொரு திவலையும் வெள்ளை உருண்டையாக விழும்.

"அப்படின்னா மொபைலே போதுமே மாமா" என்றான். போதும்தான், வெயில் காலத்தில். நனைந்த கண்ணாடித் திரை நனைந்த விரல் சொல்வதைக் கேட்பதில்லை, கையுறை போட்டால் சுத்தமாகக் கேட்பதில்லை. அமுக்கினால் அமுங்குகிற பொத்தானின் அருமை ஜனவரியில் தலைகுந்தா பக்கம் விடியற்காலை உறைபனி பார்க்கப் போனால் தெரியும்.

காம்பாக்டை ஒரேயடியாகத் தூக்கிப் பிடிப்பதாக நினைக்க வேண்டாம். என்னுடையதில் லென்ஸ் உள்ளே வெளியே போய் வருகிறபோது தூசி உறிஞ்சிவிட்டது, லென்ஸ் கழற்ற முடியாததால் நானாகத் துடைக்க வழியில்லை, சர்வீஸுக்கு அனுப்பி மூன்று வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழைக்கு அடைப்பு இல்லாத மாடல், அதனால் குடை இல்லாமல் அது வெளியே வராது. கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, உச்சி வெயிலில் திரையில் என் மூக்குதான் தெரிகிறது. பேட்டரி இருநூறு படத்தில் படுத்துவிடும், குளிரில் இன்னும் சீக்கிரம், அதனால் ஸ்பேர் ஒன்று சட்டை உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் இருக்கும். பறவைக்குக் காம்பாக்ட் உதவவே உதவாது. நீலகிரிச் சிரிப்பானைத் தேடி சோலைக்குள் மணிக்கணக்காக உட்காருகிற ஆளா நீ, 70-350 மாதிரி ஒரு டெலி லென்ஸை மிரர்லெஸ்ஸில் மாட்டிக்கொண்டு போ, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் பையனிடம், "கடைசியா எப்படா பறவை பார்த்தே?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ஹாஸ்டல் ஜன்னல்ல புறா" என்றான்.

என் மிரர்லெஸ்ஸை விற்கவில்லை. டப்பாவில் இருக்கிறது, ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் திறந்திருக்கும்போது எடுப்பேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது மட்டும் எடுக்க மாட்டேன். இங்கே குளிர்ந்த கண்ணாடி அங்கே போய்ச் சூட்டுக் காற்றைப் பார்த்ததும் வேர்த்துவிடும், மூடின பையிலேயே வைத்து அது ஊருக்குப் பழகும் வரை காத்திருக்க வேண்டும். இது காம்பாக்டுக்கும் உண்டு. பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வருவதால் அவ்வளவு குளிர்வதில்லை, அது தற்செயலாகக் கிடைத்த லாபம்.

அப்பாவிடம் இருந்தது ஒரு ஆக்ஃபா கிளிக் 3. ஒரே லென்ஸ், 120 பிலிமில் 12 படம். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்த சித்தப்பா எப்போதாவது அங்கே தயாரான ஒரு 'இந்து' பிலிம் ரோல் கொடுப்பார், அது ஆறு மாதத்துக்கு ஓடும். அந்தப் பேக்டரி மூடிப்போயிற்று, இந்து நகர் என்று ஊர்ப் பெயர் மட்டும் நிற்கிறது. லென்ஸ் மாற்ற வேண்டும் என்று அப்பா ஒரு நாளும் சொன்னதாக ஞாபகம் இல்லை. பக்கத்தில் போவார், இல்லையென்றால் எடுக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பையனை வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கேமராவையும் அவனிடமே கொடுத்து கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து குன்னூர் போகிற கூட்ட பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. எதை எத்தனை தடவை வெளியே எடுத்தான் என்று திரும்பி வந்து அவனே சொல்லட்டும். வானிலை அறிக்கையில் மழை என்று போட்டிருக்கிறது. குடை கொண்டுவர மறந்துவிடாதே என்று மெசேஜ் அனுப்பினேன், இன்னும் ப்ளூ டிக் வரவில்லை.