ஒற்றைச் சம்பளக்காரிக்கு டர்பனில் எந்தப் புறநகர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதல் வீடு வாங்கப் பார்க்கிறேன் என்று நான் வாய் திறந்தால் போதும், எங்கே வாங்க வேண்டும் என்று சொல்வதற்கு உறவும் நட்பும் அலுவலகமும் வரிசையில் நிற்கின்றன. அந்த அறிவுரைகளில் ஒன்றுகூட, ஒரே சம்பளத்தில் இருபது ஆண்டு கடன் கட்டப்போகும் தனியாளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் என் ஆத்திரம். நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா பார் என்கிறார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. பெரிய முற்றமாக எடு, நாளைக்குக் குடும்பம் பெருகும் என்கிறார்கள். அந்த நாளைக்குமான வட்டியை இன்றிலிருந்து கட்டப்போவது நான். வீடு காட்ட வந்த தரகர் ஒருவர், வட்டி ஏறினாலும் இரண்டு பேர் சம்பாத்தியத்தில் சமாளித்துவிடலாம் என்று தேற்றிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காரை நிறுத்திவிட்டு என் கணவர் வருவார் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது.

இந்த நகரத்தில் ஒவ்வொரு புறநகரும், மாநகராட்சியோ அரசோ செய்ய வேண்டிய ஏதோ ஒரு வேலையை வீட்டுக்காரர் தலையில் இறக்கி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் தண்ணீர்த் தொட்டியை நாமே வைக்க வேண்டும். ஓரிடத்தில் காவலுக்கு நாமே மாதக் கட்டணம் கட்ட வேண்டும். இன்னோரிடத்தில் கார் இல்லாமல் வேலைக்கே போக முடியாது. மற்றோரிடத்தில் சரிவு இடிந்து விழாதிருக்க நாமே தாங்குசுவர் கட்ட வேண்டும். இருவர் சம்பாதிக்கும் வீட்டில் இவை பாதியாகப் பிரிந்துவிடும். தனியாளுக்கோ எதுவும் பாதியாவதில்லை. தொட்டியின் விலையும் காவல் கட்டணமும் முழுதாகவே வந்து விழுகின்றன. அப்படியிருக்க, புறநகரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடை எவ்வளவு பக்கம், கடல் தெரிகிறதா என்பதோடு நிறுத்திக்கொள்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

முதலில் கடன் கணக்கு. பத்து லட்சம் ரேண்ட் பாண்ட், அதாவது வீட்டுக் கடன், எடுத்து, வட்டி 10.5 விழுக்காடாக இருந்தால், 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 10,000 ரேண்ட் ஆகும். தவணை மொத்தச் சம்பளத்தில் சுமார் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வங்கிகள் பார்ப்பதால், அந்தக் கடனுக்கே 33,000 ரேண்ட் சம்பளம் வேண்டும். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை வங்கிகள் அடிப்படையாக வைக்கும் பிரைம் வட்டி 11.75 விழுக்காட்டில் நின்றது. அந்த வட்டியில் இதே கடனுக்கு மாதம் 800 ரேண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ரேண்ட் வரையிலான வீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வீட்டைப் பெயர் மாற்றும் வரி, கிடையாது என்பது உண்மையிலேயே நல்ல செய்திதான். ஆனாலும் பத்திரத்தை மாற்றும் வழக்கறிஞருக்கும் பாண்ட் பதிவுக்கும் பல்லாயிரம் ரேண்டைக் கையிலிருந்து எடுத்துத்தான் வைக்க வேண்டும். அதைப் பங்கிட்டுக்கொள்ளவும் எனக்கு ஆளில்லை.

என் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டியதில்லை. "சாட்ஸ்வொர்த்திலேயே வாங்கும்மா, நம்ம ஆளுங்க இருக்கிற இடம், கோயில் குளம் பக்கம்" என்பதே அவருடைய ஒரே தீர்ப்பு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தத் தீர்ப்பு யார் போட்ட கோட்டின்மேல் நிற்கிறது என்பதை நினைத்தால்தான் கோபம் வருகிறது. யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி கேட்டோ மேனரிலிருந்து இந்தியக் குடும்பங்களை வெளியேற்றி, 1960களில் இந்தியர்களுக்கென்று அரசு கட்டிய இடம் சாட்ஸ்வொர்த். அடுத்த பத்தாண்டில் வடக்கே ஃபீனிக்ஸ் வந்தது. 1991இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அன்று கட்டிய வீடுகள் ஒழியவில்லை. அவை அப்பா, அம்மா, நான்கைந்து பிள்ளைகள், ஒரு பாட்டி என்று கணக்கிட்டு, ஒட்டிப் பிறந்த இரட்டையர் போலப் பொதுச் சுவரோடு வரிசையாகக் கட்டப்பட்டவை. அந்தத் திட்டத்தில் தனியாளுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. தனியாள் என்றால் பெற்றோர் வீட்டுப் பின்புற அவுட்பில்டிங்கில் கிடக்க வேண்டியவர் என்றுதான் அன்றைக்கு எண்ணினார்கள், இன்றைக்கும் எண்ணுகிறார்கள். ஒரு படுக்கையறையோடு நல்ல அடுக்குமாடி வீடு வேண்டும் என்று அங்கே கேட்டுப் பாருங்கள். மூன்று படுக்கையறை வீட்டைக் காட்டிவிட்டு, பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டுக்கொள்ளலாமே என்பார்கள்.

அந்த அவுட்பில்டிங்குக்கு மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடம் இருக்கிறதா என்று கேட்டால் உடனே பேச்சு மாறுகிறது. 1977ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சட்டப்படி, ஒப்புதல் பெற்ற வரைபடம் இல்லாமல் கட்டியது சட்டத்துக்குப் புறம்பானது. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் அதைக் காரணம் காட்டிப் பின்வாங்கினால், ஃபூட்ஸ்டூட்ஸ் என்று, அதாவது உள்ளது உள்ளபடியே என்று, கையெழுத்துப் போட்டு வாங்கியவள் தலையில் அது விடியும். இந்த வாடகையை நம்பித்தான் தவணை கட்ட முடியும் என்று எனக்கு யோசனை சொன்னவர்களில் எவரும் அந்த வரைபடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

அடுத்து, அலுவலகத்துத் தோழர்கள் காட்டும் வடக்கு. ஒரு காலத்தில் நம் முன்னோர் கரும்பு வெட்டிய மலைகளில் இன்று உம்லாங்காவின் கண்ணாடிக் கட்டடங்களும் சுற்றுச்சுவர் குடியிருப்புகளும் நிற்கின்றன. அங்கே சிறிய வீடு உண்டு, தனியாளை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே விலையென்று சொல்வது பாதி விலைதான். மீதி, லெவி என்ற பெயரில் மாதாமாதம் வரும்: காவலுக்கு, தோட்டத்துக்கு, நான் கால்வைக்கப்போகாத நீச்சல்குளத்துக்கு, மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய ஜெனரேட்டருக்கு. கடன் தீர்ந்த பிறகும் லெவி தீராது. பாடி கார்ப்பரேட், அதாவது அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்களின் நிர்வாக அமைப்பு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் தனிச் சேமிப்பு நிதியும் வைத்திருக்க வேண்டும் என்பது 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்று நான் கேட்டபோது தரகர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. நிதி காலியாக இருந்தால், கூரை ஒழுகத் தொடங்கிய மாதத்தில் ஸ்பெஷல் லெவி என்று ஒரு தொகையைக் கட்டச் சொல்வார்கள். என் அவசரச் சேமிப்பு அத்தோடு முடிந்தது.

சற்று மலிவாக வேண்டுமென்றால் இன்னும் வடக்கே, வெருலமுக்கும் டொங்காட்டுக்கும் போ என்கிறார்கள். போகலாம், தண்ணீர் வருமென்றால். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தது. அந்த ஊர் மாதக்கணக்கில் தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் கிடந்தது. வெருலமில் குழாய் வறண்டு கிடப்பதும் மக்கள் சாலையை மறிப்பதும் வாடிக்கையாகிவிட்டன. டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சி குழாயில் விடும் தண்ணீரில் பாதிக்கும் மேல் கசிவிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போய்விடுகிறது. இந்த நிலையில் "தண்ணீர் லாரி வரும்போது பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் எனக்குச் சொன்னார். லாரி காலை பத்து மணிக்கு வரும், அல்லது மதியம் இரண்டு மணிக்கு வரும். அந்த நேரத்தில் நான் வேலையில் இருப்பேன். வாளியோடு வரிசையில் நிற்க வீட்டில் ஓர் அத்தையோ தம்பியோ இருக்கும் குடும்பத்துக்கு லாரி ஓர் ஏற்பாடு. தனியாளுக்கு அது தெருவில் ஓடும் ஒரு வண்டி, அவ்வளவுதான். ஆகவே தொட்டி வாங்க வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும், அது நிற்கச் சிமெண்டுத் தளம் வேண்டும். வீட்டு விலையில் மிச்சமென்று காட்டியது எங்கே போனது?

அதே வெள்ளத்தில் மாகாணத்தில் 430க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த ஆண்டே உம்ட்லோட்டியில் கடல் பார்த்த அடுக்குமாடிக் கட்டடங்கள்மேல் மண் சரிந்து இறங்கியது. டர்பனின் மேடுகளில் பல, பெரியா செம்மண் என்று அழைக்கப்படும் மணலால் ஆனவை; காய்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும், நன்றாக ஊறினால் சரியும். இவ்வளவும் ஊரறிந்த செய்தி. இருந்தும் சரிவான மனைகளை விற்கும் விளம்பரங்களில் "தடையற்ற காட்சி" என்றுதான் இன்னும் எழுதுகிறார்கள்; தாங்குசுவரை யார், எப்போது, யாருடைய ஒப்புதலோடு கட்டினார் என்று ஒரு வரி இல்லை. மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நான் கேட்டதற்கு, சமையலறை மேடை கிரானைட் என்று பதில் வந்தது.

தெற்கே மெர்பேங்க் பக்கம் விலை குறைவு. இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே பல பத்தாண்டுகள் மூச்சுவிட்ட ஊர் அது; 2020 டிசம்பரில் அவற்றில் ஒன்றில் வெடிவிபத்து நடந்தது. இப்போது இரண்டிலும் சுத்திகரிப்பு நின்றிருக்கிறது, இனிமேல் விலை ஏறும் என்கிறார்கள். ஏறட்டும், எனக்கு ஆஸ்துமா உண்டு.

போக்குவரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் பேசுகிறவர்கள் எல்லாரிடமும் கார் இருக்கிறது. பைன்டவுனிலிருந்து குவாமாஷு வரை தனிப்பாதை போட்டு நிலையங்களும் கட்டி, பஸ் மட்டும் ஓடாமல் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்த நகரம் இது. மினிபஸ் டாக்சி ஓடுகிறது, உண்மை. இரவுப் பணி முடித்து ஒரு பெண் தனியாக இறங்கி நடக்க வேண்டிய கடைசி ஒரு கிலோமீட்டருக்கு அது பொறுப்பேற்காது. ஆகவே கார். காரின் தவணை போக மிஞ்சுவதைப் பார்த்துத்தான் வங்கி வீட்டுக் கடனை முடிவு செய்யும் என்பதால், மலிவான புறநகரில் வாங்கச் சொல்லிக் காரையும் எடுக்கவைத்து, அந்தக் காரைக் காட்டியே கடனைக் குறைக்கிறார்கள்.

பாதுகாப்பு என்று தொடங்கினால் எல்லாருக்கும் நாக்கு நீளும். "நம்ம ஆளுங்க இருக்கிற இடம் பத்திரம்" என்பது அதிலும் அடிக்கடி கேட்கும் வசனம். 2021 ஜூலைக் கலவரத்தில் குடியிருப்பாளர்களே தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டுக் காவல் நின்றார்கள். அந்த நாட்களில் ஃபீனிக்ஸில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்குப் பிறகும் அந்த வசனத்தைக் கூசாமல் சொல்கிறவர்களிடம், யாருக்குப் பத்திரம் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு வேண்டியது இனம் பார்த்த தெரு அல்ல, விளக்கு எரியும் தெரு. எரியாத விளக்கைப் பற்றிப் புகார் கொடுத்தால் எத்தனை நாளில் ஆள் வருகிறது என்பதை எந்தத் தரகரும் சொல்லத் தயாராக இல்லை.

இத்தனைக்கும் விற்பவர் குறைகளை வெளிப்படுத்தும் படிவம் ஒன்று 2022 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். கூரை, மின்கம்பி, குழாய், அடித்தளம் என்று வீட்டின் குறைகளையெல்லாம் அது கேட்கிறது. சென்ற ஆண்டில் அந்தத் தெருவில் எத்தனை நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதை அது கேட்பதில்லை. வீட்டைப் பழுதுபார்க்க ஆள் பிடிக்கலாம், ஊரை எப்படிப் பழுதுபார்ப்பது? வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதையே அந்தப் படிவம் விட்டுவிட்டது.

அரசின் முதல் வீட்டு உதவித் திட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் 3,501 முதல் 22,000 ரேண்ட் வரை வருமானம் உள்ளவர்களுக்கானது அது. என் வருமானம் வரம்பைத் தாண்டியது. என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவருடையது வரம்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் மணமானவராகவோ, சேர்ந்து வாழ்பவராகவோ, தம்மை நம்பியிருப்பவர்கள் உள்ள தனியாளாகவோ இருக்க வேண்டுமாம். அந்த அக்காவை நம்பி அந்த அக்கா மட்டுமே இருப்பதால் விதிப்படி அவருக்கு இடமில்லை. இதே அரசின் வரித்துறை அவருடைய சம்பளத்தில் கைவைக்கும்போது தனியாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போதைக்கு மேற்கே குயீன்ஸ்பர்க்கில் இரண்டு படுக்கையறையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். லெவி பாக்கி எவ்வளவு, சேமிப்பு நிதியில் எவ்வளவு, கடைசியாகக் கூரையைப் பழுதுபார்த்தது எப்போது, கட்டடத்துக்குப் பொதுத் தண்ணீர்த் தொட்டி உண்டா என்று தரகருக்கு எழுதிக் கேட்டேன். நீச்சல்குளத்தின் மூன்று புதிய படங்களையும், கணவரோடு வந்து பார்க்க எந்த நேரம் வசதிப்படும் என்ற கேள்வியையும் அனுப்பியிருக்கிறார்.