தவிட்டுக்கு வாங்குன பிள்ளையாம்

ஞாயித்துக்கிழமை என் சின்னவன் காதுகுத்துல நடந்தத பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிட்டு இருக்கீங்க. நான் ஃபேமிலி குரூப்ல இருந்து வெளிய வந்ததுக்கு, "ஒரு சின்ன விளையாட்டுக்குப் போயி இவ்ளோ கோவமா"ன்னு போன் மேல போன். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்ல தெம்பு இல்ல, இங்கயே சொல்லிடுறேன். என் நாலு வயசு மககிட்ட பெரிய மாமா சொன்ன மாதிரி, "உன்ன உங்கம்மா பெக்கல, தவிட்டுக்கு வாங்குனோம்"னு சொல்றது விளையாட்டு இல்ல.

அத எடுத்து குரூப்ல போட்டிருக்கீங்களே, அந்த வீடியோவ இன்னொரு தடவ பாருங்க. "தம்பிதான் உங்கம்மா வயித்துல இருந்து வந்தான், நீ தவிட்டுக்கு வாங்குனவ"ன்னு சொன்னதும் அவ திரும்பி என்னத்தான் பாக்குறா. நான் அப்போ எங்க அண்ணன் மடியில உக்காந்து கத்திட்டு இருந்த சின்னவன் தலையப் புடிச்சிட்டு இருக்கேன், ஆசாரி ரெண்டாவது காதுக்கு கம்பிய எடுத்துட்டாரு, என்னால நிமிந்து பாக்க முடியல. அவ பட்டுப்பாவாட நாடாவ எடுத்து வாயில வச்சுக்கிட்டா. பயந்தா அப்டித்தான் செய்வா. சுத்தி நின்ன அத்தன பேரும் சிரிக்கிறீங்க. அவ சிரிக்கல.

அன்னைக்கு ராத்திரி, தூங்கிட்டான்னு நெனச்சேன், "தவிடுன்னா என்னம்மா"ன்னு கேட்டா. நெல்லு அரைக்கிறப்ப வரும்டா, மாடு திங்கும்னு சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "தவிட்ட திருப்பிக் குடுத்தா என்னையும் திருப்பிக் குடுத்துருவீங்களா"ன்னு கேக்குறா. இதுக்கு நான் என்ன சொல்லணும்? சொல்லுங்க.

"நாங்கல்லாம் இதக் கேட்டு வளரலயா"ன்னு கமெண்ட் வரும், தெரியும். நானும் கேட்டு வளந்தவதான். ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப அப்பாகூட ரைஸ் மில்லுக்குப் போவேன். அங்க தவிடு அள்ளிப் போடுற அக்கா ஒருத்தங்க, தலையில துண்டு கட்டியிருப்பாங்க, புருவம் இமையெல்லாம் தவிடு அப்பியிருக்கும். இவங்கதான் என்னப் பெத்தவங்களோன்னு உத்து உத்துப் பாப்பேன். ஒரு நாள் அவங்க கையப் புடிச்சு மோந்துகூட பாத்தேன். முப்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்கம்மாகிட்டகூட. வளந்துட்டோம், சரி. ஆனா அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கே.

பெரியவங்க காலத்து வழக்கமாம். அது என்ன வழக்கம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? எங்க அப்பத்தா பேரு குப்பம்மா. அவங்களுக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கல. நாலாவது இவங்க. குப்பைமேட்டுல போட்டு எடுத்து, பக்கத்து வீட்டுல குடுத்து, ஒரு மொறம் தவிட்டக் குடுத்து திரும்ப வாங்கியிருக்காங்க. இது யாருக்கும் வேண்டாத பிள்ளைன்னு எமன் நெனச்சுட்டுப் போகட்டும்னு. குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டின்னு ஊருக்கு நாலு பேரு இருந்தது இப்டித்தான். 1951ல இந்தியாவுல பொறந்த 1000 குழந்தைல 146 குழந்தை ஒரு வயசுக்குள்ள செத்துப் போச்சு. 2020ல நம்ம தமிழ்நாட்டுல அது 13. பிள்ளையப் பறிகொடுத்தவ இன்னொண்ணையும் பறிகொடுத்துடக் கூடாதேன்னு தவிச்சு செஞ்சது அது. அந்தத் தவிட்டப் போயி கேலிக்கு எடுக்குறீங்க. எமன ஏமாத்த சொன்ன பொய்ய பிள்ளைகிட்டயே சொல்லலாமா? நாலு வயசுல கேலி எது நெசம் எதுன்னு பிரிக்கத் தெரியாது, பெரியவங்க சொன்னா அது நெசம், அவ்ளோதான். தத்தெடுத்து வளக்குற வீட்டுப் பிள்ளை பக்கத்துல நின்னு கேட்டிருந்தா?

பெரிய மாமா கெட்டவர்னு நான் சொல்லவே இல்ல. இவ பொறந்த அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு கார் எடுத்துட்டு ஓடி வந்தவர் அவர்தான், சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அதான் இன்னும் வலிக்குது. இவள மொதல்ல கையில வாங்குன நாலு பேருல ஒருத்தரு வாயில இருந்தா இது வரணும்?

இன்னொண்ணும் கேக்குறேன். இத ஏன் எப்பவும் பொம்பளப் பிள்ளைகிட்டயே சொல்றீங்க? சின்னவன்கிட்ட சொல்ல யாருக்கும் வாய் வரல. இவளுக்கு காது குத்துனப்போ வீட்டோட பத்து பேரு, ஒரு கேசரி. அவனுக்கு மண்டபம், கெடா வெட்டு, பேனர். அப்போ நான் வாயத் திறக்கல. அது என் தப்பு, அவகிட்ட நானே ஒரு நாள் சொல்லிக்கிறேன்.

யாரும் மன்னிப்பு கேக்கணும்னு நான் சொல்லல. வீடியோவ எடுங்கன்னு மட்டும்தான் கேட்டேன், அதுக்கு வந்தது சிரிப்பு எமோஜி.

நேத்து பீரோவ குடைஞ்சு, இவ பொறந்தப்போ ஆஸ்பத்திரில கையில கட்டுன பிளாஸ்டிக் பட்டைய எடுத்துக் காட்டுனேன். மை பாதி அழிஞ்சிருக்கு, ஆனா என் பேரும் தேதியும் தெரியுது. விரல வச்சு என் பேர எழுத்து எழுத்தா தடவிப் பாத்தா. இன்னைக்கு காலைல ஸ்கூலுக்குக் கிளம்புறப்ப அத பென்சில் பாக்ஸுக்குள்ள வச்சுக்கிட்டா. யாராச்சும் கேட்டா காட்டணுமாம்.

வீடியோ இன்னும் குரூப்ல இருக்குன்னு தங்கச்சி சொல்றா. எடுத்துருங்க.