அப்காசியாவுக்குக் கேமராவோடு கிளம்புகிறவர்களுக்கு

கூரையில்லாத மாளிகை, படிக்கட்டைப் பிளந்து முளைத்த மரம், கீழே "இயற்கை மீட்டெடுத்த ஊர்" என்று ஒரு வரி. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் நடத்தும் கருங்கடலோரப் பகுதியான அப்காசியாவின் படங்களுக்கு இதுவே வழக்கமாகிவிட்டது. எனக்கு எரிச்சல் வருவது அந்த வரியில்தான். இயற்கை அங்கே கடைசியாக வந்த ஆள்.

1989 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 5,25,000 பேர்; அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஜார்ஜியர்கள். 1992 ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்கும் பிரிவினை கேட்ட அப்காசியர்களுக்கும் போர் தொடங்கியது. அக்டோபரில் ஜார்ஜியத் தரப்பு, தலைநகர் சுகுமியிலிருந்த அப்காசிய ஆவணக் காப்பகத்தைக் கொளுத்தியது. 1993 செப்டம்பர் 27 அன்று சுகுமி அப்காசியத் தரப்பிடம் வீழ்ந்ததும் கொலைக்கும் விரட்டலுக்கும் ஆளானவர்கள் ஜார்ஜியர்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் வெளியேறினார்கள். அவர்களில் பலர் ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசியின் இவேரியா ஹோட்டல் அறைகளிலும் த்ஸ்கால்டுபோ ஊரின் பழைய சானடோரியங்களிலும் (உடல்நல விடுதிகள்) ஆண்டுக்கணக்கில் குடியிருந்தார்கள். ஆக, நீங்கள் படம் பிடிக்கிற வீட்டுக்குச் சொந்தக்காரர் எங்கேயோ உயிரோடு இருக்கலாம்.

ஆள் போன பிறகு வந்தது பழைய இரும்பு வியாபாரம். ரேடியேட்டர், குழாய், கைப்பிடிக் கம்பி, கூரைத் தகரம் என்று எடைக்குப் போகிற எதுவும் மிஞ்சவில்லை. மழை அதிகமுள்ள கடலோரம் அது. தகரம் போன வீட்டில் தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கும். த்க்வார்செலி நகருக்கு மேலே நிலக்கரிச் சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய அகர்மாராவில் மரத்தளங்களின் கதி இதுதான். சுவரை ஒட்டி நடந்தால் பத்திரம் என்பார்கள். கூரை இல்லாத வீட்டில் அதை நம்பாதீர்கள்: சுவருக்குள் செருகிய உத்தரத்தின் முனைதான் முதலில் மக்கும், மேலே பார்த்தால் பலகை நன்றாகவே இருக்கும். மாடிக் கட்டடத்தில் கதவு இல்லாத இருட்டு வாசல் தெரிந்தால் லிஃப்ட் குழியாக இருக்கலாம். டார்ச் அடிக்காமல் காலை வைக்காதீர்கள். அகர்மாராவில் இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. துணி காயும் பால்கனி இருந்தால் அது வீடு, கேட்டுவிட்டு நுழையுங்கள்.

கண்ணிவெடி அகற்றும் பணி 2011-இல் முடிந்தது. ஆனால் 2017 ஆகஸ்டில் பிரிமோர்ஸ்கோயே ஆயுதக் கிடங்கு வெடித்து குண்டுகள் சுற்றுவட்டாரத்தில் சிதறின. அந்தப் பக்கம் பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள். ரஷ்யப் பக்கம் ப்ஸோவு எல்லைச் சாவடி வழியாக அப்காசியாவுக்குள் நுழைந்தால் ஜார்ஜியச் சட்டப்படி அது குற்றம். வழக்கு, அபராதம், சிறை வரை போகலாம். சட்டம் அனுமதிக்கும் வழி சுக்திதி பக்கமுள்ள எங்குரி பாலம் மட்டுமே. அது சொல்லாமல் கொள்ளாமல் மூடப்படுவதுண்டு. சுகுமி நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தை மின்னஞ்சலில் முன்கூட்டியே வாங்கி அச்செடுத்து வையுங்கள், போன வழியிலேயே திரும்புங்கள். அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால்; ஜார்ஜிய சிம்மும் நம் ஊர் வங்கி அட்டையும் உதவாது, ரூபிள் நோட்டு வேண்டும். மாட்டிக்கொண்டால் உதவிக்கு அங்கே இந்தியத் தூதரகமும் கிடையாது.

கடலோரத்தில் மலிவாக ஃபிளாட் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்கவே வேண்டாம். அந்த விற்பனை ஜார்ஜியாவின் 2008 சட்டப்படி செல்லாது.