பயம் முதலிலா, படபடப்பு முதலிலா?

பயத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-லேயே இதைத் திருப்பிப் போட்டார்: உடல் முதலில் பதறுகிறது, அந்தப் பதற்றத்தை உணர்வதுதான் பயம். அவர் சொன்னது முழுக்க நிற்கவில்லை, சரி. ஆனால் எங்கள் சித்தியைப் பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரும் பஸ்ஸில் திடீரென்று மூச்சடைப்பு, கை மரமரப்பு, ஜாக்கெட் நனைகிற அளவு வேர்வை. மாரடைப்பு என்றே நினைத்தோம். ஈசிஜி நார்மல். அப்புறம் வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை வந்தது. பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். தெருவில் ஹாரன் கேட்டாலே முந்தானையை இறுக்கிப் பிடிப்பார்.

ஒரு தடவை வந்துபோனால் அது நோயில்லை. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வந்து, இன்னொன்று வந்துவிடுமோ என்ற கவலை ஒரு மாதமாவது நீடித்தால்தான் பீதிக் கோளாறு என்கிறார்கள். கட்டுரை இந்த இடத்தைத் தொடவே இல்லை.

பாகாயம் என்று வாயெடுத்ததும் வீட்டில் ரகளை. எங்கள் பக்கம் அந்த ஊர்ப் பெயரே ஒரு திட்டு! 1957-லிருந்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் அங்கே இருப்பதால் வந்த வினை. கடைசியில் சித்தப்பாதான் கூட்டிப்போனார். இப்போது சித்தி ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறார்.