அம்மா அழிக்கச் சொன்ன பதிவு

மூன்று ஆண்டுகளுக்கு முன், வண்டல் எடுக்கிறோம் என்ற பெயரில் எங்கள் ஊர் ஏரியில் இரவோடு இரவாக மண் போவதைப் படம் எடுத்து இங்கே போட்டேன். யார் பெயரையும் எழுதவில்லை. அனுமதி கொடுத்தவர்கள் ஒருமுறை வந்து ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன். மறுநாள் காலையில் அம்மா அழைத்தார். "யாரோ வந்து உன் பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். நமக்கு எதற்கப்பா வம்பு, அழித்துவிடு." வந்தவர் யார், நான் எழுதியதில் என்ன குற்றம், எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2012 நவம்பரில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தபோது, மும்பை முடங்கியது குறித்து பால்கர் ஊரில் ஒரு பெண் முகநூலில் எழுதினார். அவருடைய தோழி அதற்கு விருப்பக்குறி இட்டார். இருவரையும் கைது செய்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காகக் கொல்கத்தாவில் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். அந்த வழக்கிலிருந்து அவர் முழுமையாக விடுபட்டது 2023 ஜனவரியில். ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள்! ஒரு கேலிச்சித்திரத்துக்கு!

இந்தக் கைதுகளுக்கெல்லாம் கைகொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 'மிகவும் புண்படுத்தும்' செய்தியை அனுப்பினால் மூன்று ஆண்டுகள் வரை சிறை. புண்பட்டது யார், எந்த அளவுக்குப் புண்பட வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை. அதைக் காவல் நிலையத்தில் இருப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

பால்கர் கைதைக் கண்டு பொறுக்காத ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றம் போனார். கைதான இருவரையும் அவருக்கு முன்பின் தெரியாது. விசாரணையில் அரசுத் தரப்பு, இந்தப் பிரிவைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறியது. அரசுகள் வரும், போகும், ஆனால் 66ஏ இருந்துகொண்டே இருக்கும், இன்றைய அரசு கொடுக்கும் வாக்கு நாளைய அரசைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு முழுவதையும் ரத்து செய்தது. எந்தக் கட்சியின் தொண்டரானாலும் இந்த ஒரு வாதத்தைப் பொறுமையாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் ஆட்கள் கையில் இருக்கும்போது இனிக்கும் அதிகாரம், தேர்தல் முடிந்ததும் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. ரத்தான பிரிவில் தொடர்ந்து வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். 2021 ஜூலையில் இது உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, தீர்ப்பை எழுதிய நீதிபதி நாரிமனே அதிர்ந்துபோனார். அச்சிட்ட சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியே இருக்கிறது, ரத்தான செய்தி அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்று விளக்கம் சொல்லப்பட்டது. இனி யார் மீதும் இதன்கீழ் நடவடிக்கை கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

காவலர் அடிக்குறிப்பைப் பார்க்கவில்லை, சரி. நான் பார்த்தேனா? நான் பதிவை அழித்த நாளில் 66ஏ செத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்திருந்தாலும், ஏரியின் ஆழத்தை அளக்கச் சொல்வது எந்தப் பிரிவிலும் குற்றமில்லை. என்னை யாரும் மிரட்டக்கூட இல்லை. பெயரைக் கேட்டார்கள், அவ்வளவுதான். மீதி வேலையை என் பயமே செய்து முடித்தது.

வலைத்தளங்களில் ஆபாசமும் மிரட்டலும் பெருகிவிட்டன, கடுமையான சட்டம் வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெண்களை மிரட்டுகிறவனைத் தண்டிக்க வேண்டும், அதற்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் ஏரியைப் பற்றிக் கேட்டவனையும் அவனையும் ஒரே வலையில் அள்ளும் சட்டத்தை நான் ஒருநாளும் ஏற்க மாட்டேன்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பழைய கைப்பேசியில் இருந்த அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அந்தக் கரை மேட்டில் இலுப்பை மரம் இருந்ததே, அதையும் காணோம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

படத்தைத் தேதியோடு கீழே மீண்டும் போட்டிருக்கிறேன். எத்தனை அடி தோண்ட அனுமதி, எத்தனை லோடு எடுத்தார்கள் என்று கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவும் அனுப்பிவிட்டேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ஒட்டிய பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை அம்மாதான் போய் வாங்கி வந்தார்.